மூன்றாவது ஓலை

திருவிதாங்கூர் எங்களுக்கு வெளிநாடு. எங்கள் தேரிக்காட்டு ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் பயணம்தான். ஆனாலும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் ராஜா வேறு, காசு வேறு, தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். ஐம்பதை நெருங்கும் வயதில் முதல்முறையாக அந்த எல்லையைக் கடந்தேன். என் ஒரே மகள் எஸ்தரின் கல்யாணத்துக்காகப் போனோம். திரும்பி வந்ததிலிருந்து ஊரில் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. இப்போதும் சோற்றைப் பிசையும்போது கை நடுவில் நின்றுவிடுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை புறப்பட்டோம். ஜூலை மாதத்துக் காற்று. எங்கள் பக்கத்தில் இந்த மாதம் சிவந்த மணல் தண்ணீரைப்போல் நகரும். இன்று வழி இருந்த இடத்தில் நாளை மேடு இருக்கும். பஸ்ஸுக்குள்ளும் மணல் வந்து பல்லில் நெறுநெறுத்தது. கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. முன்னால் இருந்தவரின் தலைப்பாகை அவிழ்ந்து ஜன்னல் வழியே போய்விட்டது. அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. "போகட்டும், மூணாவது தலைப்பாகை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சவுக்கையில், அதாவது சுங்கச் சாவடியில், எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கல்யாணப் புடவையைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் புகையிலை இருக்குமென்று நினைத்தார்கள், இருந்தது பனங்கற்கண்டு. சேவகர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பெண்ணுக்கா என்று கண்ணால் எஸ்தரைக் காட்டிக் கேட்டார். நான் தலையசைத்தேன். பெட்டியை அவரே மூடித் தந்தார்.

கணவாய்க்கு இந்தப் பக்கம் வெயிலடித்தது. அந்தப் பக்கம் சாரல். மலைகளுக்கு உச்சியே தெரியவில்லை, இடுப்புக்கு மேல் மேகம். குளத்தைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் குளம். தாமரை இலைகளின்மேல் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை பச்சையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கண் மூடினாலும் பச்சையாகவே இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் வண்டி மாறி, காப்பிக் கிளப்பில் ரசவடை தின்றோம். அடுத்த பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கோட்டாற்றுத் துணி வியாபாரி ஒருவர், வயதான முஸ்லிம், மடியிலிருந்து ஏத்தன்பழம் எடுத்துக் கொடுத்தார். எங்கே, எதற்கு என்று விசாரித்தார். மாப்பிள்ளை கீரிப்பாறைப் பக்கம் மலையில் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர், இப்போது மலேயாவில் ஒரு தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாகப் போகிறார், செவ்வாய்க்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை இருவரும் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுக் கப்பல் ஏறுகிறார்கள் என்று சொன்னேன்.

"கையோட முடிச்சிருங்க தாயே," என்றார் பெரியவர். "எம் மவன் பினாங்குக்குப் போனான். அஞ்சு வருசம் கழிச்சு வந்தான். வந்தது தாடி மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எஸ்தரும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்தருக்கு இருபத்தெட்டு வயது. அவளுடைய அப்பா இல்லை. எத்தனையோ இடம் வந்து, ஒவ்வொன்றும் ஏதோ காரணத்தால் நழுவிப் போயிற்று. இந்த இடமும் நழுவினால் என் காலத்துக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற ஒரே நினைவுதான் வழிநெடுக என்னோடு வந்தது.

மார்த்தாண்டத்தில் இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை ஊருக்குப் போக ஆற்றைத் தோணியில் கடக்கவேண்டும். மலையில் பெய்த மழையில் ஆறு செந்தண்ணீராக ஓடியது. தோணிக்காரர் ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எப்போது போகலாம் என்று கேட்டேன். வடியட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

"அம்மைக்கு ஏன் இந்த வெப்ராளம்?" என்றார். "ஆறு எங்க வீட்டு மாடு இல்ல, அடிச்சுத் திருப்ப."

எஸ்தர் பெட்டியின்மேல் உட்கார்ந்து, மிதந்துவரும் தேங்காய் மட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் கரையில் அங்கும் இங்கும் நடந்தேன்.

மாப்பிள்ளை ஞானதாஸ் அக்கரையில் ஓலைக்குடையோடு நின்றிருந்தார். அதிகம் பேசாதவர். உடம்பில் ரப்பர் பாலின் புளித்த வாடை லேசாக இருந்தது. எத்தனை குளித்தாலும் போகாது என்று அவரே கூச்சத்தோடு சொன்னார். என்னை டீச்சரம்மா என்று அழைத்தார். அவருக்கும் தகப்பன் இல்லை. படிக்கிற இரண்டு தம்பிகளும் தாயும் அவர் கையை நம்பி இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோவிலுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து முழங்காலில் நின்று ஜெபிப்போம். அவர்கள் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்ள, சபையில் ஒருவர் எழுந்து மனதில் வந்ததைச் சொல்லி ஜெபிக்கிறார். எங்களுக்குக் குருவானவர் என்றால் அவர்களுக்குப் போதகர். அவர்களுக்கு பிஷப் கிடையாது. கணவாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே கர்த்தர், ஆனால் உட்காரும் விதம் வேறு.

ஓலை வாசிப்பது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அறியாதவர்களுக்காக அதைச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பெண்ணின் சபையிலும் மாப்பிள்ளையின் சபையிலும், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். பெயர்தான் ஓலை, வாசிப்பது காகிதம். அன்று அவர்கள் கோவிலில் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். மலையாளச் சாயல் கலந்த அவர்கள் இராகத்தில் என் மகளின் பெயர் பாட்டுப்போல் ஒலித்தது. எங்கள் ஊரில் இரண்டு ஓலைகள் நாங்கள் இருக்கும்போதே வாசித்தாயிற்று. மூன்றாவது அதே ஞாயிறு அங்கே வாசிக்கப்படும். அதைக் கேட்டுவிட்டு என் தம்பி சாலமோன் திங்கட்கிழமை வந்துசேர ஏற்பாடு.

மத்தியானம் ஞானதாஸின் தாயார் அன்னம்மாள் பரிமாறினார். சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த சாளை மீன் கறி, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு. பருக்கை ஒவ்வொன்றும் பல்லால் கடிக்கும் அளவுக்குத் தடிமன். எஸ்தர் கிழங்கை மூன்றுமுறை கேட்டு வாங்கினாள். அன்னம்மாளுக்கு அது பிடித்துவிட்டது. எங்கள் பேச்சு மட்டும் பிடிபடவில்லை.

"நிங்க ரெண்டுபேரும் பேசுகது கேட்டா சண்ட போடுகது போல இருக்கு," என்றார். "இவ அங்க போய் என் பிள்ளைய வெரட்டாம இருந்தா சரி."

திங்கட்கிழமை முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் எழும்பியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து தேங்காய் திருவினார்கள். மழை நின்று நின்று பெய்தது. வெள்ளைத் தேங்காய்க் குவியலும் சாம்பல் வானமும் பெண்களின் சிரிப்பும் ஒரு கனவின் உள்ளே இருப்பதுபோல் இருந்தது. நல்ல கனவுதான். முடியாமல் இருக்கவேண்டுமே என்று பயந்துகொண்டே அதில் இருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு சாலமோன் நனைந்துகொண்டு வந்தான். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னையும் எஸ்தரையும் உள் அறைக்கு அழைத்தான்.

"அக்கா, மூணாவது ஓல வாசிக்கல," என்றான்.

ஞாயிறு காலை வீசிய காற்றில் தேரி மணல் வண்டிப்பாதையை மூடிவிட்டதாம். பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டிய குருவானவரின் மாட்டுவண்டி நடுத்தேரியில் புதைந்து, ஆட்கள் இழுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. உபதேசியார் ஜெபம் மட்டும் நடத்தினார். ஓலை வாசிப்பது குருவானவரின் வேலை. உபதேசியார் அதில் கை வைப்பதில்லை.

"ரெண்டு ஞாயிறு ஊரே கேட்டாச்சு," என்றான் சாலமோன். "மூணாவதுல புதுசா என்ன வந்துரப் போவுது? போதகர் உங்களத்தான் கேப்பாரு. மூணுன்னு சொல்லிருங்க. மணலு வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

எஸ்தர் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தாள். அவள் முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது.

அன்று மாலைவரை நான் அந்த வீட்டுக்குள் நடமாடிய விதம் எனக்கு நினைவில்லை. யாரோ காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். யாரோ பூவைக் காட்டினார்கள், நன்றாயிருக்கிறது என்றேன். இந்தக் கல்யாணம் நின்றால் ஞானதாஸ் தனியாகக் கப்பலேறுவார். ஒப்பந்தம் மூன்று வருஷம். மூன்று வருஷம் கழித்து எஸ்தரின் வயதை நினைத்தேன். வியாபாரியின் மகனுடைய தாடியை நினைத்தேன். மணலில் நின்றுபோனது ஒரு வண்டி. பாவம் ஒன்றும் இல்லை, மறைக்கவேண்டிய குறையும் இல்லை. ஆனாலும் வாசிக்காததை வாசித்தார்கள் என்று சொன்னால் அது பொய்தான். நான் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்றால், போதகர் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துபோகவேண்டும் என்று.

அவர் மறக்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் சபை மூப்பர் இருவரோடு வந்தார். தலை நரைத்த, மென்மையான மனிதர். எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். ஜெபம் முடிந்தது. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, உங்க சபையில மூணு ஓலையும் வாசிச்சாச்சுல்லா? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

நான் எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

"ரெண்டுதான் வாசிச்சிருக்கு," என்றேன். மணலையும் வண்டியையும் சொன்னேன்.

போதகர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். இலங்கையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்து, அங்கே ஒரு குடும்பம் இருக்கும்போதே இங்கே இன்னொன்று கட்டிப்போனவர்களின் கதைகளை அவர் பார்த்திருக்கிறார். அதனால் ஒரு ஞாயிறு குறைந்தாலும் தாலி எடுத்துக்கொடுப்பதில்லை என்று சபையில் முடிவு செய்திருக்கிறார்கள். மூப்பரில் ஒருவர், பெண் வீட்டார் அப்படிப்பட்டவர்கள் இல்லையே என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்," என்றார் போதகர். "இவங்க நல்லவங்கதான். ஆனா நல்லவங்களுக்கு ரெண்டு, மத்தவங்களுக்கு மூணுன்னு வச்சா, நாளைக்கு எல்லாரும் நல்லவங்கன்னு சொல்லிட்டு வருவாங்க."

கப்பல் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டவர்களுக்கு ஞானதாஸ் முடியாது என்று தலையசைத்தார். வியாழக்கிழமை அவர் புறப்படாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். தம்பிகள் இருவரும் கதவோரம் நின்றிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அன்னம்மாள் என்னிடம் வந்து நின்றார். "மூணுன்னு ஒரு வாக்கு," என்றார். "சொன்னா நிங்க பல்லு கொட்டிப் போவுமா?"

போதகர் குடிக்காமல் வைத்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. ஆற்றுக்கு அக்கரையிலும் மலைப்பக்கத்திலும் இருக்கும் உறவினர்களுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. திருவிய தேங்காயும் ஊறவைத்த அரிசியும் அறுத்த வாழையிலையும் முற்றத்தில் இருந்தன. அன்னம்மாள் அவற்றைப் பார்த்தார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு, அடுப்பை மூட்டச் சொன்னார். இதை இனி என்ன செய்யட்டும், வந்தவர்கள் தின்றுவிட்டுப் போகட்டும் என்றார்.

இப்படி ஒரு பந்தியை நான் எந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை. புத்தாடை கட்டிக்கொண்டு, குடைக்குள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கல்யாணம் இல்லை என்று வாசலிலேயே சொன்னார்கள். சிலர் அழுதார்கள், சிலர் காரணம் கேட்டார்கள், எல்லாரும் கைகழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். அவியல், பருப்பு, மீன், கடைசியில் சக்கைப் பிரதமன் என்ற பலாப்பழப் பாயசம். ஞானதாஸ் இலை போட்டார். நான் தடுப்பதற்குள் எஸ்தர் சாதாரணப் புடவையில் பாயசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போய்விட்டாள்.

மலையிலிருந்து வந்த ஒரு வயதானவர் கையை நக்கிக்கொண்டு பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "மாப்பிள்ள எல போடுகான். பெண்ணு பாயசம் விளம்புகா. போதகரும் உண்டு. கல்யாணத்துக்கு இனி என்னதான் வேணும்?"

"ஒரு ஓல வேணுமாம்," என்றார் மற்றவர்.

"அதுக்கு என்ன, என் தென்னையில எத்தனை வேணும்?"

வரிசையே சிரித்தது. ஞானதாஸ்கூடச் சிரித்துவிட்டார். அன்னம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் இலைக்கு வந்தபோது முகத்தைப் பார்க்காமலே இரண்டாம் முறையும் பாயசம் ஊற்றினார். நான் அதைக் குடித்தேன்.

திங்கள் மாலையிலிருந்து எஸ்தர் என்னிடம், கேட்டதற்கு ஆம் இல்லை என்பதோடு சரி. நான் அவள் வாழ்வைக் கெடுத்துவிட்டேன் என்று அவள் நினைக்கிறாள், நினைப்பதில் தவறில்லை, இப்படித்தான் எண்ணினேன்.

புதன்கிழமை காலை திரும்பப் புறப்பட்டோம். மழை ஓய்ந்திருந்தது. ஆற்றின்மேல் புகைபோலப் பனிமூட்டம். அக்கரை தெரியவில்லை. சாலமோனும் ஞானதாஸும் தோணிக்காரரைத் தேடிப் போயிருந்தார்கள். நானும் எஸ்தரும் தண்ணீர் ஓரம் நின்றோம்.

"அம்மா," என்றாள். "முந்தாநாள் போதகர் கேட்டப்ப நீங்க ஏன் என் மொகத்தப் பாத்தீங்க?"

நான் பெட்டியைத் தண்ணீரிலிருந்து தள்ளி நகர்த்திவைத்தேன்.

"மூணுன்னு சொல்லச் சொல்லுவேன்னு நெனச்சீங்களா?"

ஆமென்று சொல்ல வாய் வரவில்லை. இல்லையென்றால் அது பொய்யாகிவிடும்.

"நீங்க மூணுன்னு சொல்லியிருந்தா, நான் எந்திரிச்சு ரெண்டுன்னு சொல்லியிருப்பேன்," என்றாள். "எங்கம்மையப் பொய்க்காரின்னு எப்படி எல்லார் முன்னாலயும் சொல்லுததுன்னுதான் வெளக்கப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க என்னப் பாத்தீங்க. அதுதாம்மா எனக்குத் தாங்கல. கல்யாணம் நின்னதில்ல."

பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் அவளுக்காகப் பயந்திருக்கிறேன். அவளை நம்பியதில்லை. இன்றுவரை சோற்றைப் பிசையும் என் கையை நிறுத்துவது கல்யாணம் நின்றதல்ல, இதுதான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடமில்லாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பனிமூட்டத்துக்குள் துடுப்புச் சத்தம் கேட்டது. தோணி தெரியவில்லை, சத்தம் மட்டும் நெருங்கி நெருங்கி வந்தது.

ஞானதாஸ் எங்களோடு மார்த்தாண்டம்வரை வந்தார். சுமைகாரரை அழைக்க விடாமல் பெட்டியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். சந்தை நாள். ஏத்தன் குலைகளுக்கும் மிளகு மூட்டைகளுக்கும் நடுவே எங்களுக்காக வழி கேட்டுக்கொண்டே போனார். அவரும் எஸ்தரும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டேன். பிறகு ஜன்னலருகே வந்தார்.

"மாமி," என்றார். எங்கள் பக்கத்தில் அத்தை என்போம். அவர்கள் பக்கத்தில் மாமியாருக்கு அதுதான் சொல். அதுவரை அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. "உங்க குருவானவர் அய்யாகிட்ட சொல்லுங்க. மூணாவது ஓலைய இப்ப வாசிக்கண்டாம். நான் வந்து, கோவில்ல உக்காந்து அதைக் கேக்கணும்."

பஸ் புறப்பட்டது. நாகர்கோவிலைத் தாண்டி, குளங்களையெல்லாம் மறுபடி பார்த்துக்கொண்டே வந்தேன். என் ஜெபங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சீக்கிரம் என்ற சொல் இருந்தது. எஸ்தரின் ஜெபத்தில் அந்தச் சொல் இருந்திருக்காது என்று தோன்றியது. கர்த்தருக்கு ஒரு வேளை உண்டு என்று பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை நம்பாமலே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஜெபித்துப் பார்த்தேன். ஜெபம் மிகவும் சிறியதாக இருந்தது. அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. கணவாயில் காற்று முகத்தில் அடித்தபோது எஸ்தர் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு காற்று தணிந்திருந்தது. குருவானவர் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். தம்மால்தானே இப்படி ஆயிற்று என்று அவருக்கு மிகுந்த வேதனை. இன்றைக்கே மூன்றாவது ஓலையை வாசித்துவிடுகிறேன் என்று காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டார். நாங்கள் இருவரும் அங்கி மாற்றும் அறைக்குப் போய், வேண்டாம் ஐயா, மாப்பிள்ளை வந்து கேட்கவேண்டும் என்கிறார் என்றோம்.

அவர் காகிதத்தை மடித்தார். "நாள் கடந்துவிட்டால் வாசித்த இரண்டும் செல்லாதே," என்றார். "முதலிலிருந்து மூன்றும் வாசிக்கவேண்டி வரும்."

நான் வாயைத் திறந்தேன். ஆனால் எஸ்தரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளே சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"வந்தப்புறம் வாசிங்க ஐயா," என்றாள். "அவரு மூணையும் கேக்கட்டும்."